கோல் பிடித்தே ஆக வேண்டுமா?

படப்பாட்டுக்கு மெட்டுப் போடுவது ஒரு வேலை. மேடை நிறைந்த வாத்தியக்காரரை நடத்துவது வேறு வேலை. கொழும்பில் கச்சேரி வைக்கிறவர்களுக்கு இது ஏன் விளங்குவதில்லை?

போன மாதம் தாமரைத் தடாகம் அரங்கில் இசையமைப்பாளரே, வாத்தியக்காரரை நடத்தும் கோலோடு நின்றார். அருமையான பாட்டுகள் தந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாளம் விழுந்த பிறகுதான் கை இறங்குகிறது. வயலின்காரர்கள் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை; ஹெட்போனில் தாளம் காட்டி ஓடிய, முன்பே பதிந்த 'கிளிக்' சத்தத்தைக் கேட்டே வாசித்தார்கள். சரி, போகட்டும் என்றால், ஒரு பாட்டில் பாடகி பல்லவியை இன்னொரு தரம் எடுத்தார். கிளிக் நிற்குமா? கீபோர்டு சரணத்துக்குப் போய்விட்டது, தபேலா பல்லவியிலேயே நிற்கிறது, பாடகி திகைத்துப்போய் அவரைப் பார்க்கிறார். அவரோ கண்ணை மூடியபடி கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் எல்லோரையும் சேர்த்து எடுக்கத்தானே கோல்?

எம்.எஸ். விஸ்வநாதனே கோவர்த்தனம் போன்ற உதவியாளர்களை வைத்திருந்தார்; அதனால் அவர் பெயர் குறைந்தா போயிற்று? நடத்தத் தெரிந்த ஒருவரிடம் கோலைக் கொடுத்துவிட்டு இவர் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்திருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வந்த சனமும் அங்கே இருந்தது. ரிக்கெட் காசுக்கு ஒழுங்கான வாசிப்பைக் கொடுங்கள்.