கீபோர்டை ஒரு ஞாயிறாவது மூடி வைப்போம்

மலையகத்தில் நம் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவ ஆலயங்களில் இப்போது பாடுகிறவர்களின் குரலைக் கேட்பதே அபூர்வமாகிவிட்டது. கீபோர்ட், அதற்குள் தானாக ஓடும் ரிதம், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, ஆளுக்கொரு மைக். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை ஒட்டிய ஒரு சின்னக் கட்டடம், ஐம்பது அறுபது பேர் இருந்தாலே நிரம்பிவிடும். அதற்கு இத்தனை சத்தம் எதற்கு?

அண்மையில் நுவரெலியாவில் ஓர் ஆலயத்தில், சேம்பர் கொயர் என்கிற ஒரு சின்னப் பாடகர் குழுவின் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பாடுகிறவர்கள் மொத்தம் இருபது பேர் கூட வர மாட்டார்கள். மைக் இல்லை. நடத்துகிறவர் இசைக்கவையை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிக் காதோரம் வைத்தார், 'ம்' என்று முனகினார், அவ்வளவுதான். சொப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல்குரல், கீழ்க்குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல்குரல், கீழ்க்குரல்) என நாலு பகுதியும் தங்கள் தங்கள் சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் ஒரு நீண்ட கார்வை வந்தது. எந்த மனிதராலும் ஒரே மூச்சில் இழுக்க முடியாத நீளம், ஆனால் அறுபடவில்லை. எப்படி என்று முன்வரிசையைக் கவனித்தேன். ஒருவர் மூச்செடுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் விடும்போது இவர் சத்தமில்லாமல் திரும்ப உள்ளே வந்துவிடுகிறார். அடுத்தவரின் மூச்சைக் கேட்காமல் அங்கே பாடவே முடியாது. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் நம் பிள்ளைகளுக்குத் தங்கள் குரலே கேட்பதில்லை, பிறகு பக்கத்தவர் மூச்சு எங்கே கேட்கப்போகிறது?

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் தெரியும். "அதெல்லாம் கொழும்பு ஆட்களுக்கும் பெரிய ஸ்கூல் பிள்ளைகளுக்கும். நமக்கு எதுக்கு?" இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வில்லியம் பேர்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1592க்கும் 1595க்கும் இடையில் மூன்று பூசைப் பாடல் தொகுதிகளை வெளியிட்டார். ஒன்று மூன்று குரலுக்கு, ஒன்று நாலுக்கு, ஒன்று ஐந்துக்கு. அப்போது இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பூசை சட்டப்படி குற்றம். தெரிந்தவர் வீட்டுக்குள் ஒளித்துப் பூசை வைத்த நாலைந்து பேர் பாடுவதற்கான பாட்டு அது. மொசார்ட்டின் 'ஆவே வேரும் கோர்புஸ்' என்ற லத்தீன் பக்திப் பாட்டு 1791 ஜூனில் எழுதப்பட்டது. வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடன் என்ற சின்ன ஊரின் ஆலயத்தில் கொயர் நடத்திய நண்பருக்காக எழுதிக் கொடுத்தார். 46 தாளக்கட்டுதான். அடங்கிய குரலில் பாடுங்கள் என்று ஆரம்பத்திலேயே குறித்திருக்கிறார். சின்ன ஊருக்கும் குறைந்த ஆட்களுக்கும் எழுதப்பட்டவை இவை. நம் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்?

நமக்கும் இது புதிதல்ல. 1854இல் தோட்டத் தமிழர்களுக்கென்று மிஷன் வேலை தொடங்கியபோது (அதற்கு வைத்த பெயரே தமிழ்க் கூலி மிஷன், இன்றைக்கும் மனம் கொதிக்கிறது) திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் மலையேறி வந்தார்கள். பாமாலையும் (மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டு) கீர்த்தனையும் (நம் ராகத்தில் பாடும் பாட்டு) நம்மிடம் இருப்பது அந்த உறவால்தான். பாமாலையில், ஜெர்மன் மிஷனரியான பெப்ரீசியஸ் ஐயர் ஜெர்மன் மெட்டிலேயே பாடும்படி தமிழாக்கிய பாட்டுகள் உண்டு. அந்த மெட்டுகளுக்கு நாலு குரல் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் மேல்குரலை மட்டும் பாடிவிட்டு மிச்சத்தைக் கீபோர்டிடம் கொடுத்துவிட்டோம்.

கீர்த்தனை விஷயம் வேறு, அதில் அவசரம் கூடாது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் வழி வந்த கீர்த்தனை மரபு ராகத்தில் நிற்பது. சங்கராபரணமும் மேல்நாட்டு மேஜர் ஸ்கேலும் ஒரே சுரங்கள், அதனால் அங்கே குரல் சேர்ப்பது சுலபம். மோகனத்திலும் பெரிய சிக்கல் இல்லை. தோடி போன்ற ராகத்தில் கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, நாலு பேர் நாலு விதமாக அசைத்தால் எல்லாம் குழம்பிப்போகும். அந்த மாதிரிப் பாட்டை ஒரு நல்ல குரலிடம் விட்டு, மற்றவர்கள் கீழே சுருதி மட்டும் பிடித்தால் போதும். அதுவே எத்தனை அழகாக இருக்கும் தெரியுமா!

நொட்டேஷன் தெரியாதே என்பார்கள். ச ரி க ம தெரியுமே? பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளை எத்தனை பேர் நம் சபைகளில் இருக்கிறார்கள்! ஆல்ட்டோ பகுதியைச் சுரத்தில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், கைத்தாளம் போட்டுக்கொண்டே படித்துவிடுவாள். ஆண்குரல்தான் உண்மையான பிரச்சினை. பொடியன்களில் பாதிப்பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், கிறிஸ்மசுக்குத்தான் வருகிறார்கள். சரி, நாலு வேண்டாம், மூன்று குரலில் அமைக்கலாம், பெண்குரல் இரண்டு, ஆண்குரல் ஒன்று.

அன்றைய நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் மாட்ரிகல் என்கிற பழைய ஐரோப்பியப் பல குரல் பாட்டுகளைப் பாடினார்கள். காதல், பிரிவு, பறவை, வசந்தம். ஆலயத்துக்குள் காதல் பாட்டா என்று எனக்குப் பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. திங்கட்கிழமை மலையில் கொழுந்து எடுக்கும்போது பாடிய அதே வாய்தானே ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் பாடியது! நம் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து வைத்த தோட்டப் பாடல்கள் இருக்கின்றன. அந்தத் தாலாட்டையும் கும்மியையும் மூன்று குரலில் கேட்க எனக்கு ஆசை. ஒப்பாரியை மட்டும் தொடாதீர்கள். ஒருத்தி தன் இழப்பைத் தன் குரலில் அழுவது அது, அதற்குப் பக்கக்குரல் கட்டினால் அலங்காரமாகிவிடும்.

நகரத்துக் கொயர்களிடம் ஒரு கோரிக்கை. மலைக்கு வரும்போது நிகழ்ச்சி முடிந்த கையோடு பஸ் ஏறாதீர்கள். ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு தோட்டத்துக்கு வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு தமிழ்ப் பாட்டைப் பகுதி பகுதியாகச் சொல்லிக்கொடுங்கள். மழைக்காலம் மட்டும் வேண்டாம், தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்தக் குரலும் எடுபடாது. சபை மூப்பர்களே, மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனையில் ஒரே ஒரு பாட்டுக்குக் கீபோர்டை மூடிவிடுங்கள். ஆரம்பத்தில் சுருதி இறங்கும், சிலர் சிரிப்பார்கள், பரவாயில்லை. கரோல் பயிற்சிக்குப் பொடியன்கள் ஊருக்கு வரும் வாரத்திலேயே தொடங்கலாம். சுரம் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் இன்பொக்சில் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.