சான்றிதழ் வேறு, பதிவு வேறு

நிதித் திட்டமிடல் படிப்பை முடித்தவர்கள் பெறும் சி.எஃப்.பி. சான்றிதழ் இருந்தாலே ஓய்வுக்கால முதலீட்டுக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். இந்தியாவில் நிலைமை அப்படி இல்லை.

சி.எஃப்.பி. நல்ல படிப்புதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது படித்ததற்கான சான்று, தொழில் உரிமம் அன்று. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் ஆகியவற்றில் கட்டணத்துக்கு ஆலோசனை வழங்க, 2013ஆம் ஆண்டின் முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின்படி, பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். தங்கள் தொழிலின் பகுதியாக ஆலோசனை சொல்லும் பட்டயக் கணக்காளர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. ஓய்வூதியத் திட்டங்களைப் பற்றி மட்டும் பேசுபவர், ஓய்வூதிய ஒழுங்காற்று அமைப்பான பி.எஃப்.ஆர்.டி.ஏ.வில் பதிவு பெற்றிருந்தால் அவருக்கும் விலக்கு உண்டு.

சரிபார்ப்பது எளிது. ஆலோசகரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், அது ஐ.என்.ஏ. (INA) என்று தொடங்கும். ஏ.ஆர்.என். (ARN) எண்ணை மட்டும் காட்டினால் அவர் மியூச்சுவல் ஃபண்டுகளை விற்கும் விநியோகஸ்தர், பதிவுபெற்ற ஆலோசகர் அல்லர் என்று பொருள். பிறகு செபி இணையதளத்தில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் பட்டியலில் அந்தப் பெயரையும் எண்ணையும் தேடிப் பாருங்கள். வாழ்நாள் சேமிப்பை ஒப்படைக்கும் முன், தயவுசெய்து இதைச் செய்துவிடுங்கள்.