"ஃபிலிம் இல்ல, அதனால செக் பண்ணல ப்ரோ"

பழைய போலராய்ட் கேமரா (பட்டன அமுக்கினா படம் அப்பவே வெளிய வருமே, அது) விக்கிறவங்க எல்லாரும் ஒரே டியூஷன்ல படிச்சவங்களா? எவன் கிட்ட கேட்டாலும் அச்சு பிசகாம அதே டயலாக். "கண்டிஷன் சூப்பர் ப்ரோ, ஃபிலிம் இல்ல, அதனால செக் பண்ணல." செக் பண்ணலன்னா சூப்பர்னு உனக்கு யார்றா சொன்னா, கேமராவே வந்து சொல்லுச்சா?

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, செக் பண்றதுக்கு ஃபிலிமே வேணாம். 600ங்கற ஃபிலிம் போடற 600 டைப் போலராய்டுக்குள்ள பேட்டரின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஃபிலிம் பேக்குக்கு அடியிலதான் தட்டையா ஒரு பேட்டரி இருக்கும், கரண்ட் முழுக்க அதுல இருந்துதான். படம் தீந்துபோன காலி பேக்க உள்ள தள்ளிக் கதவ மூடினாலே போதும், மிச்சம் இருக்கற சார்ஜ்ல மோட்டார் கர்ர்ருனு ஓடும், ஃப்ளாஷ் ஏறும், உசுரு இருக்கா இல்லையான்னு அப்பவே தெரிஞ்சிரும். இத செய்ய மாட்டானுங்க. ஏன்னா செஞ்சா உண்மை தெரிஞ்சிருமே!

போன வாரம் ஒருத்தன் போட்ட விளம்பரத் தலைப்ப அப்படியே சொல்றேன் கேளுங்க: "போலராய்ட் கோடாக் இன்ஸ்டாக்ஸ் எஸ்எக்ஸ்-70 600 ஆன்டிக் விண்டேஜ் ரேர் கேமரா". ஒரே ஒரு டப்பா கேமராவுக்கு இத்தன பேரு. எஸ்எக்ஸ்-70ங்கறது 1972ல வந்த, மடிச்சா தட்டையாயிடற எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாவே பாத்து எடுக்கற கேமரா), அதுக்குப் போடற ஃபிலிம் வேற, அதுல 600 ஃபிலிம அப்படியே போட்டா படம் வெளுத்துரும். இன்ஸ்டாக்ஸ் ஃப்யூஜியோடது, அந்த ஃபிலிம் இதுக்குள்ள நுழையவே நுழையாது. இதுல கோடாக்க எங்கடா புடிச்ச? இன்ஸ்டன்ட் கேமராவுக்காக போலராய்டும் கோடாக்கும் வருஷக்கணக்கா கோர்ட்ல அடிச்சிக்கிட்டு, 1986ல கோடாக் அந்தக் கடையையே மூடிட்டு, 1991ல 92 கோடி டாலருக்கு மேல எண்ணி வச்சான். அந்த ரெண்டு பேரையும் இவன் ஒரே தலைப்புல சேத்து வச்சு சமாதானம் பண்ணிட்டான்.

சரி, போட்டோவுல ஃப்ளாஷ தூக்கிவிட்ட 600 தான் தெரியுதேன்னு மெசேஜ் பண்ணேன்.

"ப்ரோ, ஒர்க் ஆகுதா?"

"ஃபிலிம் போட்டா ஒர்க் ஆகும் ப்ரோ."

"படத்த நசுக்கி வெளிய தள்ற ரோலர் சுத்தமா இருக்கா? கதவத் தொறந்து ஒரு போட்டோ அனுப்புங்க."

"வெளிய ஸ்க்ராட்ச் ஒண்ணுகூட இல்ல ப்ரோ."

"வெளிய கேக்கல ப்ரோ, உள்ள."

"உள்ளயும் ஸ்க்ராட்ச் இல்ல ப்ரோ. கூட ஒரு ஃபிலிம் பேக் ஃப்ரீயா தரேன்."

ஃபிலிம் இல்லாததாலதான செக் பண்ணல? இப்ப ஃப்ரீயா தர்றதுக்கு மட்டும் எங்க இருந்து மொளச்சுது? கேமராவ வாங்கிட்டு வந்து பாத்தா, ஃப்ரீ ஃபிலிம் டப்பாவுல 2006னு தேதி. போலராய்ட் 2008லயே ஃபிலிம் போடறத நிறுத்திட்டான், அந்தக் காலத்து பேக்ல பேட்டரியும் செத்து, உள்ள இருக்கற கெமிக்கலும் காஞ்சு கருவாடா கிடக்கும். போட்டேன், கேமரா மூச்சு விடல. சொன்னா, "ஃபிலிம் பழசு ப்ரோ, அதான்"னு எனக்கே பாடம் எடுக்கறான். அடுத்து ஒரு ஐடியா வேற, "ஐ-டைப் ஃபிலிம் வாங்குங்க ப்ரோ, விலை கம்மி, ரெண்டும் ஒண்ணுதான்." ஐ-டைப் ஏன் விலை கம்மின்னா அதுல பேட்டரியே வைக்கறதில்ல! புது கேமராவுக்குள்ள பேட்டரி இருக்கு, அதனால அதுக்குச் சரி. இந்தக் கெழத்துக்குள்ள அதப் போட்டா சும்மா அட்டைப்பொட்டிதான்.

இப்ப வேற ஆளுங்க அதே பேர்ல திரும்பப் போடற, காசப் புடுங்கற 600 ஃபிலிமே புதுசா வாங்கினேன். ஒரு தடவ பட்டன அமுக்கினா ஒரு பிரியாணி காசு, தெரியும்ல? பேக்க உள்ள தள்ளி மூடினா மொதல்ல மேல மூடியிருக்கற கறுப்பு அட்டை வெளிய வரணும். வந்துச்சு, பாதி வரைக்கும். மோட்டார் முக்குது, மொனகுது, நின்னுருச்சு. கையால இழுத்துவிட்டு ஒரு படம் எடுத்தா, மேல இருந்து கீழ வரைக்கும் சம இடைவெளில புள்ளி புள்ளியா கறை. ரோலர்ல அழுக்கு இருக்குன்னு இதவிடத் தெளிவா ஒரு கேமராவால சொல்ல முடியாது. கதவத் தொறந்தா மேல இருக்கற படம் வெளிச்சம் பட்டு காலி, தெரிஞ்சேதான் தொறந்தேன். உள்ள? எந்தக் காலத்து ஃபிலிம்ல இருந்து வழிஞ்ச கெமிக்கல் பேஸ்டோ, ரெண்டு ரோலர்லயும் வழிஞ்சு, காஞ்சு, பச்சையா பாறையா ஒட்டிக்கிட்டு இருக்கு. இதத்தான உன்ன போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன் பாவி! ஈரத் துணிய வச்சு, ரோலர விரலால உருட்டி உருட்டித் தொடச்சு, கையக் கழுவி (அது காரமான கெமிக்கல், தோலுக்கு ஆகாது)... முடிக்கறதுக்குள்ள இடுப்பு போச்சு.

கறை விழுந்த படத்த அவனுக்கு அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா?

"நல்லா உதறினீங்களா ப்ரோ?"

உதறணுமாம்! இந்த ஒரு வார்த்தைக்கே அவன் மேல கேஸ் போடலாம். உரிச்சு எடுக்கற அந்தக் காலத்துப் படம் ஈரமா வரும், காயறதுக்கு விசிறுனாங்க, அதுல ஒரு நியாயம் இருக்கு. இது பிளாஸ்டிக்குக்கு உள்ளயே மூடிக் கிடக்கு, உதறினா எது காயும்? உள்ள இருக்கற அடுக்கு பிரிஞ்சு படம்தான் கெடும். வெளிய வந்த உடனே வெளிச்சம் படாம கவுத்து வச்சிட்டு, கலர்னா ஒரு 15 நிமிஷம் கம்முனு இருக்கணும், அவ்ளோதான். ஆனா கல்யாண வீடானாலும் காதுகுத்தானாலும், படம் வந்த அடுத்த செகண்டு எங்க இருந்தோ ஒரு பெரியப்பா கை நீண்டு வந்து புடுங்கி உதறாம விட மாட்டேங்குது.

இப்ப படம் கறை இல்லாம வருது. மஞ்சளா வருது. ஏன்னா இந்த ஃபிலிமுக்கு 13ல இருந்து 28 டிகிரிக்குள்ள இருந்தாதான் கலர் நிக்கும், நான் இருக்கறது சென்னை. மார்கழி வரைக்கும் கேமராவ பரண்ல போடவா? மிச்சம் எத்தன படம்னு காட்டற கவுண்டர் வேற 2ன்னு காட்டுது, ஆனா பேக் காலி. அது கேமரா தப்பில்ல, அது பொறந்தப்ப ஒரு பேக்ல 10 படம், இப்ப 8 தான். தெரியும், தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் அந்த 2அப் பாத்து மனசு ஏங்குது பாருங்க, அத எங்க போய் சொல்ல.

பிரிக்காத இன்னொரு பேக்க ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வச்சேன். அம்மா அதத் தூக்கி ஃப்ரீசர்ல போட்டுட்டாங்க, ஒறைஞ்சா ஃபிலிம் அவ்ளோதான். கேட்டா, "மாவு பாக்கெட்டுக்கு எடம் வேணாமாடா?" அந்த மாவாவது உருப்படியா இருக்கா? இன்னைக்கு வாங்கினா நாளைக்குப் புளிச்சு பொங்கி தட்டெல்லாம் வழியுது, கடைக்காரர் கிட்ட கேட்டா "ஃப்ரெஷ் மாவு சார் அது, அப்படித்தான் இருக்கும்"ங்கறார், அதுலயும் போன மாசம் விலைய ஏத்திட்டு பாக்கெட்ட சின்னதாக்கிட்டாங்க, கவனிச்சீங்களா?