பிள்ளை பதில் சொன்ன பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது?

மாணவர் மையக் கற்பித்தல் என்றதும் நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழுவது படங்கள்தான். தலையில் காகித மகுடம் வைத்த பிள்ளைகள், வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு), பின்னால் தெர்மாகோலில் சூரியக் குடும்பம். நானும் அப்படிப் படம் அனுப்புகிறவள்தான். கேட்டால் அனுப்பாமல் எப்படி இருப்பது? ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து அந்த வகுப்பில் யார் யோசித்தார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. வட்டமாக உட்கார்ந்தும் கோரஸாக ஒப்பிக்கலாம். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தும் நன்றாக யோசிக்கலாம்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். பிள்ளை ஒரு பதில் சொல்கிறது. அதைக் கேட்டபின் ஆசிரியர் அடுத்துச் செய்யும் வேலை மாறுகிறதா? மாறினால் அது மாணவர் மையம். பிள்ளை என்ன சொன்னாலும் பாடக்குறிப்பின் அடுத்த வரிக்குத்தான் போவோம் என்றால், பாட்டு, நடனம், பொம்மலாட்டம் எல்லாம் இருந்தாலும் அது பழைய வகுப்புதான். கொஞ்சம் சத்தம் கூட, அவ்வளவே.

எங்கள் கொடைக்கானல் மேல்மலையில் பாதி வீடுகளில் கேரட், உருளை, பீன்ஸ், பூண்டு. காய் லாரியேறி மதுரைக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ போகும், பூண்டு வடுகபட்டிக்குப் போகும். நாலாம் வகுப்பில் ஒரு பெருக்கல் கணக்கு கொடுத்தேன். ஒரு மூட்டையில் 40 கிலோ கேரட், கிலோ 25 ரூபாய், மூட்டை என்ன விலை? எல்லாரும் 1000 போட, ஒரு பையன் மட்டும் 900 என்று எழுதியிருந்தான். வழிமுறை எதுவும் இல்லை, வெறும் விடை. பெருக்கல் தெரியாத பிள்ளையும் இல்லை. "எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டேன். "கமிஷன் போக டீச்சர்" என்றான், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு. நூற்றுக்குப் பத்து. பக்கத்தில் இருந்த பிள்ளை உடனே "அப்போ லாரி வாடகை, ஏத்துக்கூலி?" என்று அவனையே மடக்கினாள். "சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். 1000 போட்டவர்கள் எல்லோரும் ரப்பரைத் தேடினார்கள்.

இப்போது ஆசிரியர் என்ன செய்வது? தப்புப் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். "சபாஷ், ஆனா புத்தகத்துல அப்படிக் கேக்கலையே" என்று முதுகில் தட்டிவிட்டும் அடுத்த கணக்குக்குப் போகலாம். இரண்டாவது ரகத்தைப் பிள்ளைநேயம் என்கிறோம். ஆனால் இரண்டிலும் அடுத்த கணக்கு அதேதான். நான் புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் மண்டிச் சீட்டு இருந்தால் நாளைக்கு எடுத்துவாருங்கள் என்றேன்.

சீட்டுகள் வந்தன. மண்டிக்காரர் கையெழுத்து மண்டிக்காரருக்கே வெளிச்சம் என்று நினைத்திருந்தேன், பிள்ளைகள் தடங்கலில்லாமல் படித்தார்கள். மொத்தம், கழிவு, மீதி. நாலாம் வகுப்புக்குச் சதவீதம் கிடையாது, பத்தால் வகுப்பது உண்டு. 740 ரூபாய்க்கு 74 கமிஷன் என்பது சட்டென்று பிடிபட்டது. ஒரு சீட்டில் 745 ரூபாய் இருந்தது. 74 எடுத்தாயிற்று, மிச்சம் அஞ்சு ரூபாய்க்கு? "அரை ரூபாய்" என்றது ஒரு பிள்ளை. "மண்டியில் அரை ரூபாயெல்லாம் பாக்கமாட்டாங்க" என்றது இன்னொன்று. மண்டி பார்க்காது, கணக்கு பார்க்கும் என்று சொல்லி 74 ரூபாய் 50 காசு என்று எழுதிக் காட்டினேன். பத்தில் ஒரு பாகம் என்றால் என்ன என்று இனி அந்த வகுப்புக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் சீட்டு கொண்டுவராத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் தோட்டம் இல்லை, அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை. பிள்ளையின் அனுபவத்திலிருந்து தொடங்கு என்று பயிற்சியில் சொல்கிறார்கள், சரி, எந்தப் பிள்ளையின் அனுபவம்? சீட்டு உள்ள வீட்டின் அனுபவமே வகுப்பின் அனுபவமாகிவிட்டால் ஊரில் உள்ள மேடு பள்ளம் அத்தனையும் வகுப்புக்குள் வந்து குந்திவிடும். ஆகவே அடுத்த கணக்கு கூலிக் கணக்கு. வாரத்தில் ஆறு நாள் வேலை, மழையில் ஒரு நாள் போச்சு, கடைப் பற்று கழித்து மீதி எவ்வளவு? யார் வீட்டுத் தொகையையும் நான் கேட்கவில்லை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு தொகை வைத்தோம். வேடிக்கை என்னவென்றால், சீட்டு கொண்டுவந்த பையன்களில் பலருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு என்றே தெரியவில்லை. கொடுப்பது அவர்கள் வீடுதான்! அன்றைக்குச் சீட்டு இல்லாத பிள்ளைகள்தான் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு பையனின் அப்பா கேட்டார், "டீச்சர், இந்த மண்டி வவுச்சரோட மாரடிக்க வேணாம்னுதானே பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மண்டியிலிருந்து தொடங்கி மண்டியிலேயே நின்றால் பிள்ளையை மலையை விட்டு இறங்கவிடாமல் செய்கிறோம் என்றுதான் பொருள். புத்தகம் கேட்பது 1000. கேள்வி எதைக் கேட்கிறது, கழிவு போகவா கழிவு சேர்த்தா என்று பிரித்துப் பார்க்கும் புத்தி பிள்ளைக்கு வரவேண்டும். அதனால் கடைசியில் புத்தகத்துக்கே திரும்பினோம், எல்லாரும் 1000 எழுதினோம். "ஒண்ணு பண்ணுங்க அண்ணே, அடுத்த லோடு சீட்டை அவனையே ஒரு தடவை கூட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்று அந்த அப்பாவிடம் சொன்னேன். சொன்னாரா என்று தெரியாது.

இதெல்லாம் சின்னப் பள்ளியில் முடியும், பெரிய வகுப்பில் எப்படி என்று சமவெளி நண்பர்கள் கேட்பார்கள். எங்களிடம் எதிர்க் கேள்வி ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, அதன் 29வது பிரிவில், செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் குழந்தை மைய முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் பின்னால் உள்ள அட்டவணை, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. அஞ்சு வகுப்பு, ரெண்டு பேர். ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ போனால் அஞ்சு வகுப்பும் ஒருவர் தலையில். இது விதிவிலக்கல்ல, சட்டமே போட்ட கணக்கு. ஆனால் பயிற்சியில் காட்டும் மாதிரி வகுப்பில் எப்போதும் ஒரே வகுப்புப் பிள்ளைகள், ஒரே வயது, முன்னால் ஒரு ஆசிரியர். அஞ்சு வகுப்பும் ஒருவர் தலையில் இருக்கும்போது அதை எப்படிச் செய்வது?

பல வகுப்புகள் ஒரே அறையில் என்பதற்கென்றே உருவான முறை ஒன்று நம்மிடம் இருந்தது. செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியின் கிராமப்புறக் கல்வி மையத்தில், ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்க்கும் சிறு பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவ், ராமா தம்பதியர் உருவாக்கிய ஏணியும் அட்டைகளும்தான் அதன் மூலம். 2003ல் எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. 2007-08ல் மாநிலம் முழுக்க நாலாம் வகுப்பு வரை போனது. பாடம் சின்னச் சின்னப் படிகளாக ஏணியில் இருக்கும். பிள்ளை தன் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்து, அதில் உள்ள சின்னத்துக்குரிய குழுவில் போய் உட்காரும். சுவரின் அடியில் பிள்ளைகளுக்கென்றே கீழ்மட்டக் கரும்பலகை.

மலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபிப்பழம் பறிக்கிற மாதங்களில் சில பிள்ளைகள் அப்பா அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். மூன்று வாரம் கழித்து வரும் பிள்ளைக்கு, மற்ற முறைகளில் பாடம் எங்கேயோ போயிருக்கும். ஏணியில் அந்தப் பிள்ளை விட்ட படி விட்ட இடத்திலேயே இருக்கும். இது சின்ன விஷயமில்லை. நின்றுபோகவிருந்த பிள்ளை தொடர்ந்து வந்ததைப் பார்த்த ஆசிரியர்கள் இன்னும் இந்த மலையில் இருக்கிறார்கள்.

அந்த முறை பின் ஏன் நொடித்துப்போனது? அட்டைகள் கிழிந்தன, எங்கள் மழைக்குப் பூஞ்சை பிடித்தன என்பதெல்லாம் சில்லறைக் காரணம். பார்வையிட வந்தவர்கள் எல்லாப் பள்ளியிலும் கேட்ட கேள்வி "எத்தனையாவது படி?" என்பதே. பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பது கேட்கப்படவில்லை. படி ஏறுவதே பாடமாகிவிட்டது. இன்னொரு பக்கம், தன் வேகத்தில் கற்கட்டும் என்ற நல்ல வாக்கியம் மெதுவாகப் படிக்கும் பிள்ளையைக் கைவிடுவதற்குச் சாக்காகவும் ஆனது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மையத்தில் இல்லை, மூலையில் இருக்கிறது.

இந்த மலைக்குக் கலப்பு வயது வகுப்பு புதிதும் அல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ல் பிரம்மஞான சபை அழைத்து அடையாறு வந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, இத்தாலி எதிரி நாடு. ஊருக்குத் திரும்ப வழியில்லாத அந்த வருடங்களில், 1942 முதல் 1944 வரை, மகன் மாரியோவோடு கொடைக்கானலில் இருந்தார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, இங்குள்ள செடி கொடி பூச்சிகளைக் கொண்டு பாடம் நடந்தது. பிற்பாடு உலகமெங்கும் அவர் பெயரால் நடக்கும் பள்ளிகளில் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அண்டக் கல்வி, அதாவது உலகில் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புள்ளது என்று காட்டும் கல்வி, என்ற யோசனை அந்தக் கொடைக்கானல் நாட்களில்தான் வளர்ந்தது. இன்று அவர் பெயர்ப்பலகை தொங்கும் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்து, கட்டணத்தையும் வயதுவாரியாகப் பிரித்து வாங்குகிறார்கள். அவர் விரும்பிய கலப்பு வயது வகுப்பு, ஒரு பைசா கட்டணமில்லாமல், எங்கள் ஒன்றியப் பள்ளிகளில் ஆள் பற்றாக்குறை என்ற பெயரில் நடக்கிறது!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். எல்லாவற்றையும் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. ஒன்றாம் வகுப்பில் "கெ" எழுதிப் போட்டால், கொம்பு முன்னால் நிற்பதால் பிள்ளை கொம்பை முதலில் படிக்கப் பார்க்கும், "எ-க" என்று தடுமாறும். எழுதுவது முன்னால், ஒலிப்பது பின்னால் என்பதை எந்தப் பிள்ளையும் தோட்டத்தில் விளையாடிக் கண்டுபிடிக்காது. பெரியவர் ஒருவர் நேராகச் சொல்லித்தரத்தான் வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டல் குறைவாக இருந்தால் மனத்தின் செயல்படு நினைவு (ஒரு நேரத்தில் மனதில் வைத்து யோசிக்கும் கொள்ளளவு) தாங்காது என்று 2006ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதியபோது கல்வி உலகில் பெரிய சண்டை நடந்தது. எனக்கு அதில் சண்டைக்கு இடம் தெரியவில்லை. நேராகச் சொல்லித்தருவதும் மாணவர் மையமாக இருக்கலாம், அந்த "எ-க" தடுமாற்றத்தைக் காதில் வாங்கி அதற்கேற்பச் சொல்லித்தந்தால்.

2022ல் வந்த தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த இடத்தைச் சரியாகத்தான் தொட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரித்தது நல்ல காரியம். எங்களைப் போன்ற பள்ளிகளில் அது ஏற்கனவே நடைமுறையும்கூட. என் குறை, எந்தத் திட்டமானாலும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் பதிவு வேலை பற்றியது. மதிப்பீட்டை செயலியில் ஏற்ற, டவர் கிடைக்கும் திசையைத் தேடிப் பள்ளி வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆசிரியரை மேல்மலையில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். மதிப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் பதிலைக் கேட்பதுதானே மதிப்பீடு? ஆனால் அந்தப் பதில் மேலே போகிறது, எங்கோ ஒரு வரைபடமாகிறது, திங்கட்கிழமை காலை என் வகுப்புக்குத் திரும்பி வருவதில்லை. நான் அதைப் பார்த்துப் பாடத்தை மாற்றுவதற்கான நேரம், அதை ஏற்றுவதிலேயே போய்விட்டது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த பயிற்சியின் மாதிரி வகுப்பை மேல்மலையில் ஒரு ஈராசிரியர் பள்ளியில், அஞ்சு வகுப்புப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நடத்திக்காட்டட்டும். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடக்கும்போது ஒன்றாம் வகுப்பு என்ன செய்கிறது என்பதையும் சேர்த்து. ஏணியில் எது வேலை செய்தது என்று அதை நடத்திய பழைய ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும், ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். அப்புறம் பாடக்குறிப்பு. நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே எழுதச் சொல்கிறோம், நடந்தது என்ன என்று எழுத அதில் இடமில்லை. என் நோட்டில் நானே ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, இன்று எதை மாற்றினேன், எந்தப் பதிலால் மாற்றினேன் என்று எழுதி வருகிறேன். பல நாள் அந்தக் கட்டம் காலியாகத்தான் கிடக்கிறது. சுற்றுப்பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இதை எல்லா நோட்டிலும் சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். பதிவேடு ஒன்று கூடுகிறதே என்று சக ஆசிரியர்கள் திட்டுவார்கள். வேறு ஏதாவது ஒன்றைக் குறைக்கச் சொல்லி அதையும் சேர்த்தே கேட்போம்.