மூன்றாவது ஒலிவ மரத்தில் இடப்பக்கம் திரும்பவும்

"இரும்புக் கதவைத் தாண்டியதும் மூன்றாவது ஒலிவ மரத்தில் இடப்பக்கம் திரும்பவும்."

எங்கள் நடைப்பயண வழிக்குறிப்பில் இந்த வரியை எழுதிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ஐயா, நீங்கள் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்கு எப்போதாவது வந்திருக்கிறீர்களா? நான் நின்றிருந்த சரிவில் மேலே ஒலிவ மரம், கீழே ஒலிவ மரம், எதிர்மலையிலும் ஒலிவ மரம். முறுக்கிப் பிழிந்த வேட்டி மாதிரி, பல நூறு வயதான மரங்கள். அடிமரம் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அதை ஒரு மரமென்று எண்ணுவதா, இரண்டென்று எண்ணுவதா? அக்கா ஒன்று என்றாள். நான் இரண்டு என்றேன். வெயிலில் கால் மணி நேரம் சண்டை. சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குப் போட்ட சண்டைக்குப் பிறகு இவ்வளவு தீவிரமாக நாங்கள் மோதிக்கொண்டதே இல்லை.

இதற்குப் பெயர் செல்ஃப் கைடட் வாக்கிங் ஹாலிடே. ஊர் ஊராக அறை போட்டுத் தருவார்கள். பெட்டியை டாக்சியில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வழிக்குறிப்பும் போனில் ஓர் ஆப்பும் தருவார்கள். மலையைத் தாண்டிப் போய்ச் சேருவது நம் பாடு. வழிகாட்டி என்று யாரும் வர மாட்டார்கள், ஆனால் வழிகாட்டிக்கு ஆகிற செலவில் பாதியாவது பில்லில் வந்துவிடும். "உங்கள் வேகத்தில், உங்கள் விருப்பம்போல்" என்று விளம்பரம் வேறு. அக்காவுக்கு அறுபது நெருங்குகிறது. கொடி பிடித்தவன் பின்னால் மந்தையாகப் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சரி என்று ஏப்ரலில் ஆறு இரவுகளுக்குப் பணம் கட்டினேன்.

தீவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வடமேற்குக் கரையோரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளும் த்ரமுந்தானா மலைத்தொடரை 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்ததற்குக் காரணம் மனிதக் கை. செங்குத்தான மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாக நிலமாக்கி, ஒவ்வொரு படிக்கும் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்லைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்து, கல்லோடு கல் பொருந்தும்படி அடுக்கிய உலர்கல் சுவர்தான். அந்த வேலைக்காரரை அங்கே 'மார்ஜெர்' என்கிறார்கள். இன்றைக்கும் அந்தத் தொழில் இருக்கிறது. எவரோ ஒரு மார்ஜெர் நூறு வருடத்துக்கு முன்னால் வைத்த கல்லில் நான் முழு எடையோடு ஏறி நின்றேன், அசையவில்லை. எங்கள் வழிக்குறிப்போ முதல் நாள் காலையிலேயே ஆடிப்போய்விட்டது.

முதல் நாள் வால்டெமோசாவிலிருந்து மலைமுகடு வழியாக டேயா. ஊருக்கு மேலே கருவாலிக் காடு, ஓக் மரத்தில் ஒரு வகை. "வட்டமான கல்மேடையில் வலப்பக்கம்" என்றது குறிப்பு. ஒரு காலத்தில் அந்தக் காடு முழுக்கக் கரிமூட்டம் போட்டிருக்கிறார்கள். மூட்டம் போட்ட ஒவ்வோர் இடத்திலும் வட்டமாக ஒரு கல்மேடை, பாசி படிந்து அப்படியே கிடக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. எந்த வட்டம் என்று கேட்க ஆளில்லை. தட்டுத் தடுமாறி மேலே போனால் காவலர் ஒருவர் நின்றிருந்தார். முன்பதிவுச் சீட்டு எங்கே என்றார். அது தனியார் மலையாம். தினம் இத்தனை பேர் என்று கணக்கு வைத்து, பதிவு செய்தவர்களை மட்டும்தான் விடுகிறார்களாம். நல்ல ஏற்பாடுதான், கழுகும் காடும் பிழைக்க வேண்டுமே. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பதினாறு பக்கக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி வேண்டாமா? "கடற்காட்சி உள்ளம் கொள்ளை கொள்ளும்" என்று எழுத இடம் இருந்திருக்கிறதே! காட்சியைப் பார்க்காமலே இறங்கி, பஸ் பிடித்து டேயா போய்ச் சேர்ந்தோம்.

அந்த மலைமுகட்டுப் பாதையைப் போட்டவர் ஆஸ்திரிய இளவரசர் லுட்விக் சால்வடோர். 19ஆம் நூற்றாண்டில் வந்து, அந்தக் கரையோரத்துப் பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கி, நடப்பதற்கென்றே பாதை போட்டு, கடலைப் பார்க்க மேடைகள் கட்டிய மனிதர். வழிப்போக்கர்கள் மூன்று நாள் காசில்லாமல் தங்குவதற்கு விடுதியும் வைத்திருந்தார். அவர் பெயரை எங்கள் நிறுவனம் அட்டையிலேயே போட்டிருக்கிறது. அவர் குணத்தில் கால்வாசியை உள்ளே எங்காவது போட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்புறம் அந்தத் தகரம். மலையெங்கும் மரத்திலும் சுவரிலும் சின்னத் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள். மூலைக்கு மூலை கோடு போட்டுப் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பார்த்தால் மண்டையோடு மட்டும்தான் பாக்கி, அவ்வளவு மிரட்டல். இரண்டு முறை அதைப் பார்த்துப் பயந்து திரும்பி நடந்தோம், இரண்டாம் முறை ஒரு மணி நேரம் போச்சு. ராத்திரி விடுதிக்கார அம்மா சிரித்துக்கொண்டே விளக்கினார்: அது தனியார் வேட்டைப் பகுதி என்பதற்கான அடையாளம். மற்றவர்கள் அங்கே வேட்டையாடக் கூடாது என்று அர்த்தம், நடப்பதற்கு அதனால் ஒரு தடையும் கிடையாது. அக்கா தன் கைத்தடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நம்ம மூஞ்சியைப் பார்த்தா முயல் சுடுற மாதிரியா இருக்கு?" என்றாள்.

அதே அம்மாதான் இன்னொரு குண்டையும் போட்டார். "தவறாமல் ருசித்துப் பாருங்கள்" என்று குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருந்த என்சைமாதாவை அக்கா தினமும் காலையில் காப்பியோடு வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தாள். நத்தை ஓடு மாதிரிச் சுருட்டி, மேலே சர்க்கரை தூவிய ரொட்டி, வாயில் வைத்தால் கரைகிறது. பெயரில் இருக்கிற 'சைம்' என்றால் பன்றிக் கொழுப்பாம், அதைத் தடவித்தான் மாவைச் சுருட்டுகிறார்களாம். அக்கா பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவள். சைவம் என்று விண்ணப்பத்தில் இரண்டு இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். இதையெல்லாம் சொல்லித் தராத குறிப்பு எதற்கு, விசிறிக்கொள்ளவா?

சரி, ஒலிவ மரத்துக்கு வருகிறேன். டேயாவிலிருந்து சோயேர், இரண்டாம் நாள். (எழுத்துப்படி 'சொல்லர்' என்று சொல்லிப் பாருங்கள், பஸ் ஓட்டுநருக்குப் புரியாது. உச்சரிப்பும் குறிப்பில் கிடையாது.) அக்கா சொன்னபடி திரும்பினோம். இடுப்பளவு புல்லில் அரை மணி நேரம் நடந்தால் ஒரு கதவு. புத்தம் புதுச் சங்கிலி, பூட்டு, 'தனியார் வழி' என்ற பலகை. போனைப் பார்த்தேன். ஆப்பில் இருக்கிற நீலக்கோடு அந்தக் கதவுக்குள் புகுந்து, யாரோ ஒருவருடைய நீச்சல்குளத்தை ஒட்டி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அடித்தேன். சனிக்கிழமை. நாலாவது முறை எடுத்தார்கள்.

"உயிருக்கு ஆபத்தா?"

"இல்லை, வழி பூட்டியிருக்கிறது."

"அப்படியென்றால் திங்கட்கிழமை மின்னஞ்சல் அனுப்புங்கள். மன்னிக்க வேண்டும், இது செல்ஃப் கைடட் பயணம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பணம் வாங்கும்போது எல்லாம் அவர்கள் ஏற்பாடு. பூட்டுக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் செல்ஃப்!

கல்சுவருக்கு அந்தப் பக்கம் ஆடு பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். மொழி தெரியாது. சோயேர் என்றேன். அவர் நாங்கள் வந்த திசையிலேயே கையை நீட்டினார். திரும்பி நடந்தோம். அந்த மூன்றாவது ஒலிவ மரத்திலிருந்து இருபதடி தள்ளி, பாதை வளைகிற இடத்தில், மரத்தூண் ஒன்று. அதில் அம்புக்குறி. அம்பில் சோயேர் என்ற பெயரும் நடக்க ஆகிற நேரமும் அழகாகப் பொறித்திருந்தன.

எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. அது ஜிஆர் 221 பாதையின் கம்பம். தீவு நிர்வாகம் அந்த்ராச்சிலிருந்து பொயென்சா வரை மலைத்தொடர் நெடுக இந்த 'உலர்கல் வழி'யை அடையாளம் போட்டு, தங்குமிடங்களும் நடத்திவருகிறது. எவர் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் நடக்கலாம். நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது என்பதால், உரிமையாளர்கள் ஒத்துக்கொள்ளாமல் சில இடங்களில் அடையாளம் விட்டுப்போயிருக்கிறது. பொயென்சா பக்கம் தெர்னெயெஸ் பண்ணை வழிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கே நடந்திருக்கிறது. எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பதுதான் அந்த ஊரில் நடப்பவனுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம். அதைத் தெரிந்து சொல்வதற்குத்தானே ஐயா உங்களுக்குப் பணம்? கம்பம் இல்லாத இடத்தில் கைகொடுக்கவில்லை என்றால்கூடப் போகட்டும். கம்பம் இருக்கிற இடத்தில் மரத்தை எண்ணச் சொல்வது எந்த ஊர் நியாயம்? குறுக்குவழி காட்டுகிறோம் என்ற பெயரில், சும்மா கிடைக்கிற நல்ல பாதையிலிருந்து காசு வாங்கிக்கொண்டு திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

பெட்டி ஒரு நாள் வேறு விடுதிக்குப் போனது, நேற்றைய சட்டையோடு தூங்கியது, அதையெல்லாம் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஆனால் மூன்றாம் நாளை மன்னிக்க மாட்டேன். கூபெர் நீர்த்தேக்கத்தில் டாக்சி இறக்கிவிடும், அங்கிருந்து ஓஃப்ரே கணவாய் தாண்டி, பினியராஷ் மலையிடுக்கு வழியாக சோயேருக்குத் திரும்ப வேண்டும். குறிப்பில் ஏற்றம் 150 மீட்டர் என்று போட்டு, பக்கத்தில் 'எளிது' என்று ஒரு பூட்ஸ் படம். ஏற்றம் சரிதான், பொய்யில்லை. இறக்கம்? கூபெரே 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சோயேர் கிட்டத்தட்டக் கடல்மட்டம். கணவாயிலிருந்து 800 மீட்டருக்கு மேல் இறக்கம், அதில் பெரும்பகுதி கல்படி. அந்தக் காலத்தில் யுக் என்ற கிறிஸ்தவ மடத்துக்குப் போகும் யாத்திரிகர்கள் ஏறிய படிகள். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காய் ஒலிவத் தோட்டம், கீழே ஓடை, பார்க்கக் கோடிக் கண் வேண்டும். படி ஒவ்வொன்றும் கால்பட்டுக் கால்பட்டு வழவழவென்று ஆகியிருக்கிறது. நூறு படி இறங்கியதும் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஏறுவதற்கு மூச்சு போதும், இறங்குவதற்கு முட்டி வேண்டும் என்பது நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் தெரியும். அந்தப் பூட்ஸ் படம் போட்ட பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும் என்று நினைக்கிறேன்.

"இரண்டரை மணி நேரம்" என்று போட்டிருந்ததை ஆறு மணி நேரத்தில் முடித்தோம். சோயேர் சதுக்கத்தில் மரப்பெட்டி டிராம் மணியடித்துக்கொண்டு போகிறது, 1913இலிருந்து ஓடுகிறதாம். அக்கா ஆரஞ்சுச் சாறு மூன்று டம்ளர் குடித்துவிட்டு, நாளையிலிருந்து அந்தக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தால் கிழித்துப் போட்டுவிடுவேன் என்றாள். எடுக்கவில்லை. அடுத்த நாட்களில் கடையில் வாங்கிய ஒரு வரைபடம், மரக்கம்பம், கல்லை அடுக்கி வைத்த சின்னக் குவியல்கள், இவற்றை நம்பியே நடந்தோம். ஒரு தடவைகூட வழி தவறவில்லை.

கடைசி இரவு பொயென்சாவில். அறை மேசையின் இழுப்பறையில் சார்ஜரைத் தேடியபோது மடித்து வைத்த காகிதம் ஒன்று கிடைத்தது. அதே நிறுவனம், அதே வழிக்குறிப்பு. எங்களுக்கு முன்னால் தங்கிய யாரோ விட்டுப்போனது. ஓரமெல்லாம் ஜெர்மனில் பொடி எழுத்து. மூன்றாவது ஒலிவ மரத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் பூட்டுப் படம் வரைந்து, மூன்று ஆச்சரியக்குறி. கீழே நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு டிக், அனுப்பிய தேதி.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.