வல்லூறுக்குக் கூலி பாக்கி

ஒயின் பாட்டிலில் பறவைப் படத்தைப் போட்டு, விற்பனையில் ஒரு பங்கு அந்தப் பறவையின் பாதுகாப்புக்குப் போகிறது என்று எழுதியிருந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பாதி நேரம் அது விளம்பரச் செலவுதான். ஆனால் நியூசிலாந்தின் பிரான்காட் எஸ்டேட் என்ற ஒயின் நிறுவனம் 'லிவிங் லேண்ட்' என்று ஒரு ஒயின் வரிசை கொண்டுவந்ததே, அதில் என் மனக்குறை வேறு. மார்ல்பரோ வட்டாரத்தில் வல்லூறுகளைக் காக்கும் அறக்கட்டளைக்கு உதவுவதற்காக வந்த வரிசை அது. படிக்கிறவர்கள் எல்லோரும் "என்ன தாராள மனசு!" என்கிறார்கள். எனக்கு அது கூலி பாக்கியாகத்தான் தெரிகிறது.

காரேயாரேயா என்பது அந்த வல்லூறுக்கு மாவோரி மக்கள் வைத்த பெயர். நியூசிலாந்தைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அந்த நாட்டு 20 டாலர் நோட்டில் கம்பீரமாக இருக்கிறது. நிஜத்தில் மிஞ்சியிருப்பவை 5,000 முதல் 8,000 வரை என்பது மதிப்பீடு. தரையில் லேசாகச் சுரண்டிய குழியிலேயே முட்டையிடும். பூனையும் முள்ளெலியும் இல்லாத தீவில் அது போதுமானதாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் இரண்டையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட்டுப் பக்கம் போனால் மனுஷன் தலையிலேயே பாயக்கூடிய பறவைதான். ஆனால் இருட்டில் ஊர்ந்து வருகிற பூனையிடம் அந்த வீரம் எடுபடுமா?

சரி, கூலிக் கணக்குக்கு வருகிறேன். பிப்ரவரி, மார்ச்சில் திராட்சை இனிக்க ஆரம்பித்ததும் ஸ்டார்லிங், பிளாக்பேர்ட், திரஷ் என்ற சின்னப் பறவைகள் எல்லாம் தோட்டத்தில் கூட்டமாக இறங்கும். இவையும் வெளியிலிருந்து வந்தவைதான். வலை கட்ட வேண்டும், வேட்டு போட வேண்டும், துப்பாக்கியோடு ஆள் சுற்ற வேண்டும். 2005இல் தொடங்கிய 'ஃபால்கன்ஸ் ஃபார் கிரேப்ஸ்' திட்டத்தில், மலைப் பக்கமிருந்து வல்லூறுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து தோட்டங்களில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். சாரா கிராஸ் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் இதை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். வல்லூறு இருந்த தோட்டங்களில் பறவைகள் பறித்துப்போன பழம், இல்லாத தோட்டங்களைவிட 95 சதவீதம் குறைவு. சாவின்யோன் பிளாங்க் என்ற திராட்சை ரகத் தோட்டத்தில் ஹெக்டேருக்கு 234 அமெரிக்க டாலர் மிச்சமாகலாம், பினோ நுவார் ரகம் என்றால் 326 என்று கணக்கிட்டார்கள். (நம்மூர் வெள்ளைக்கண்ணிக்கு உறவான சில்வர்ஐ மட்டும் அவ்வளவாக மசியவில்லை, தொடர்ந்து கொத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்தச் சேதமும் குறைந்தது.) சம்பளம் கேட்காத காவல்காரன் ஹெக்டேர் கணக்கில் இவ்வளவு மிச்சம் பிடித்துத் தந்தபின், லாபத்தில் கொஞ்சத்தை அதற்கே திருப்பித் தருவதை எப்படி தர்மம் என்பது?

கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை லேபிளில் யாரும் போடுவதில்லை. தோட்டம் என்றால் மின்கம்பங்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் உண்டு. மரம் குறைந்த சமவெளியில் உயரமான இடம் தேடும் பறவைக்கு அவைதான் வசதி. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்து இறக்கையை விரிக்கும்போது மின்சாரம் ஓடும் முனை பட்டால் அவ்வளவுதான், உடம்பு வழியாகவே மின்சாரம் பாயும். மார்ல்பரோவில் ரேடியோ கருவி கட்டிக் கண்காணித்த வல்லூறுகளில் இறந்து கிடைத்தவற்றில் கிட்டத்தட்ட பாதி மின்சாரம் தாக்கித்தான் செத்தன. மலையிலிருந்து வேலைக்குக் கூட்டிவந்தது நாம்தான் என்றால், வேலை செய்யும் இடத்தில் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நாம்தானே?

இதற்கு வழி தெரியாமல் இல்லை. மின்முனைகளுக்கு உறை மாட்டினால் போதும். அழகில்லாத வேலை, படம் எடுத்துப் போட்டால் லைக் விழாது. ஆனால் நிதி போக வேண்டிய இடம் அதுதான் என்பேன். குஞ்சு பொரிக்கும் படமும் பார்வையாளர் நிகழ்ச்சியும் அப்புறம் இருக்கட்டும்.

அதனால் ஒயினே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எத்தனையோ வெறும் 'பசுமை' லேபிள்களைவிட இது ஆயிரம் மடங்கு மேல். இதில் பறவைக்கும் பயிருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, அளந்தும் காட்டியிருக்கிறார்கள். லேபிளில் வல்லூறு படத்துக்குக் கீழே, இந்த வருஷம் எத்தனை டிரான்ஸ்ஃபார்மருக்கு உறை போட்டோம் என்று ஒரு எண்ணையும் அச்சடிக்கட்டும். குடிக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் அப்படி ஒரு பாட்டில் வந்தால் குடிக்கிற நண்பர்களுக்கு நானே வாங்கித் தருவேன்.