பெஞ்சைத் தேய்த்தால்தான் படிப்பா?

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி மண்டபத்தில், நம்ம கல்லூரிப் பழைய மாணவர் சந்திப்பில் என்ன நடந்தது என்று மறுபடியும் விளக்கப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. "இன்னாமா, ஆன்லைன்ல எம்சிஏ பண்றியாமே, சீரியல் பாக்குற நேரத்துல முடிச்சிடலாம் போல கீதே" என்று சீனியர் அண்ணன் மைக்கிலேயே கேட்டார். மண்டபமே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். அத்தோடு போயிருந்தால் போயிருக்கும். அதற்கப்புறம் குரூப்பில் ஆளாளுக்கு "தமாஷைத் தமாஷா எடுத்துக்கோ", "அண்ணன் சொன்னதுல இன்னா தப்பு, அது ரெகுலர் டிகிரி இல்லதானே" என்று எனக்குப் புத்தி சொல்லக் கிளம்பினார்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதிவு.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். பெஞ்சில் போய் உட்கார்ந்ததற்குப் பெயர் படிப்பு இல்லை. பாடம் தலைக்குள் போனதா, பரீட்சையில் எழுத முடிந்ததா, உட்கார வைத்து ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால் எழுதுகிறாளா, இதைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் கட்டடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படித்தாள் என்பதை இல்லை.

அண்ணன் ஐடியில் பெரிய பொறுப்பில் இருப்பவர், அவருக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் குரூப்பில் இருக்கும் சட்ட வல்லுநர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். பல்கலைக்கழகங்களுக்கு விதி போடும் யுஜிசியின் 2020 விதிமுறைப்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் ஆன்லைனில் தரும் பட்டம் நேரில் போய்ப் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம். இதை ஊருக்கே தெரியட்டும் என்று 2022 செப்டம்பரில் தனி அறிவிப்பாகவே போட்டார்கள். மருத்துவம், நர்சிங், இன்ஜினியரிங் எல்லாம் ஆன்லைனில் நடத்தக் கூடாது என்று தடுப்பதும் அதே விதிமுறைதான், எம்சிஏ அந்தத் தடையில் வரவில்லை. ஆக, யோசித்துப் பார்த்துத்தான் விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுகலையை ஆன்லைனில் ஆரம்பித்துவிட்டது. மொத்தப் படிப்புக்கும் சுமார் 7000 டாலர், சர்டிபிகேட்டில் ஆன்லைன் என்று ஒரு வார்த்தை கிடையாது. இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகம் வேறு பாடம் படித்துவிட்டுத் துறை மாற நினைப்பவர்களுக்கென்றே முழுக்க ஆன்லைனில் ஒரு எம்எஸ்சி நடத்துகிறது. வெள்ளைக்காரன் அதில் படித்தால் "கரியர் சேஞ்ச்", குடியாத்தத்துக்காரி படித்தால் சீரியல் நேரத்துப் படிப்பா?

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றுகூட நிறைய பேருக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பரிசோதனை லேபில் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான். ஐரோப்பாவுக்குப் போகிற, உடம்பில் படுகிற தோல் பொருளில் குரோமியம் ஆறு (உடம்புக்குக் கெடுதலான குரோமியம் வகை), கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2015 மே மாதத்திலிருந்து அங்கே சட்டம். தோலைப் பொடிப்பொடியாக நறுக்கி, பாஸ்பேட் கரைசலில் போட்டு மூன்று மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, ரீஏஜென்ட் விட்டால், குரோமியம் ஆறு இருந்தால் ரோஸும் ஊதாவும் கலந்த மாதிரி ஒரு நிறம் ஏறும். அந்த நிறத்தை மெஷினில் 540 நானோமீட்டரில் அளந்து, கிராஃப் போட்டு, கணக்குப் பண்ணி ரிப்போர்ட் அடிக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு சாம்பிளுக்கும் எக்செலில் கையால் தட்டிக்கொண்டிருந்தோம். ஒரு எண்ணை மாற்றித் தட்டினாலும் கப்பலேற வேண்டிய சரக்கு நின்றுபோகும்.

எம்சிஏ சேர்வதற்கு முன்னால், நமக்கு இது வருமா வராதா என்று பார்க்க ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் பைத்தான் என்கிற புரோகிராமிங் மொழிப் பாடம் கேட்டேன். சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் (சிஎம்ஐ) மாதவன் முகுந்த் எடுப்பது. கேட்பதற்குக் காசு இல்லை, சர்டிபிகேட் வேண்டுமென்று பரீட்சை எழுதினால்தான் கட்டணம். அவரிடம் நேரில் உட்கார்ந்து பாடம் கேட்க எனக்கு எந்த ஜென்மத்தில் வாய்க்கும்? அந்தப் பாடத்தை வைத்துத்தான், மெஷின் தருகிற ஃபைலை அப்படியே எடுத்து, கோடு பொருத்தி, 3-ஐத் தாண்டிய சாம்பிளைச் சிவப்பில் காட்டும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். எங்கள் மேனேஜர் வந்து நின்று பார்த்தார், பழைய ரிப்போர்ட்டுகளோடு ஒத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக வந்தது. "நல்லா கீதும்மா. யார் பண்ணிக் குடுத்தாங்க?" என்றார்.

சரி, இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

"ஆன்லைன்ல லேப் எப்படி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நம்ம கல்லூரி கம்ப்யூட்டர் லேபை மறந்துவிட்டீர்களா? ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர். கீபோர்டு யார் கையில் கிடைத்ததோ அவர் படித்தார், மற்ற இரண்டு பேரும் ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அது ரெகுலர். இப்போது என் லேப்டாப், என் கீபோர்டு, தப்பு வந்தால் எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அத்தை டிவியை அணைத்த பிறகுதான் எனக்கு ஹால் கிடைக்கும். லிங்க்டு லிஸ்ட் என்றால் ஒவ்வொரு பெட்டியும் (நோட்) அடுத்த பெட்டியின் விலாசத்தை வைத்திருக்கும் சங்கிலி. அதில் நடுவில் இருக்கும் நோடை நீக்கச் சொல்லி ஒரு அசைன்மென்ட். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெட்டி பெட்டியாகப் போட்டு அம்பு வரைந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, ஓடவிட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று புரோகிராம் பாதியில் செத்துப்போகிறது. இதில் கரண்ட் வேறு போய்விட்டது, சித்திரை மாசத்து வேலூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து போன் வெளிச்சத்தில் அந்தத் தாளை வரிவரியாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நோடை ஃப்ரீ பண்ணி, அதாவது மெமரியிலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டு, அப்புறம் அதனிடமே அடுத்தவர் விலாசத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என் புரோகிராம். இரண்டு வரியை மேலே கீழே மாற்றியதும் ஓடியது. இது சீரியல் பார்க்கிற நேரத்தில் நடந்ததுதான் அண்ணா, அது மட்டும் உண்மை.

"வீட்டுலயே பரீட்சைன்னா காப்பி அடிக்கலாமே" என்பது அடுத்தது. கேமராவை எடுத்து அறையைச் சுற்றிக் காட்டு என்பார்கள், மேஜைக்கு அடியில் காட்டு என்பார்கள். பாப்பா கதவைத் தட்டினால் திரும்பிப் பார்க்க முடியாது, கண் திரையை விட்டு நகர்ந்தால் எச்சரிக்கை வரும். அசைன்மென்ட் மாதிரியானவற்றுக்குத் தரும் இன்டர்னல் மார்க் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மிச்சமெல்லாம் பரீட்சையில்தான் வாங்க வேண்டும். இதற்கு மேலும் அடிக்கிறவன் அடிப்பான். நேரில் எழுதியவர்கள் யாரும் பிட்டே பார்த்ததில்லை என்று மண்டபத்தில் இருந்த எத்தனை பேர் சாமி மேல் சத்தியம் பண்ணுவீர்கள்?

ஒன்றில் மட்டும் நியாயம் இருக்கிறது. இந்தத் துறையில் காசு பிடுங்குகிறவர்கள் நிறைய. போன் நம்பரை ஒரு இடத்தில் கொடுத்துவிட்டால் போதும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டு "மேம், இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்" என்பாள், வேலைக்கு உத்தரவாதம் என்பாள், கேட்டுப் பார்த்தால் படிப்புக் கட்டணம் என்ற பேரில் நம்மைக் கடனில் மாட்டிவிடப் பார்ப்பது தெரியும். இவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அவர்களைத் திட்டுகிற சாக்கில் என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

"வேலை கிடைக்குமா?" தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது வேலை கஷ்டம்தான், ரெகுலர் மட்டும் என்று விளம்பரத்திலேயே போடுகிற கம்பெனிகளும் உண்டு. ஏஐ வந்துவிட்டது, இனிமேல் எதற்குப் படிப்பு என்கிறவர்கள் முதலில் தங்கள் பிள்ளையைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டிலிருந்து இறக்கிவிட்டு வந்து பேசட்டும். எனக்குக் கிடைக்காமலேகூடப் போகட்டும். அது என் வீட்டுப் பிரச்சினை, மைக்கில் சொல்ல வேண்டிய பிரச்சினை இல்லை.

கேட்கிறேனே, அண்ணா. 2020-ல் லாக்டவுன் போட்டதும் சத்துவாச்சாரி வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தீர்களே, அப்போது யாராவது உங்களை "ஆன்லைன் மேனேஜர்" என்றார்களா? சம்பளம் ரெகுலர் சம்பளமாகத்தானே வந்தது? லேப்டாப்பில் வேலை பார்க்கலாம், மீட்டிங் நடத்தலாம், ஆளை எடுக்கலாம், வேலையை விட்டு அனுப்பலாம், ஆனால் படிப்பு மட்டும் கிளாஸ் ரூமில் நடந்தால்தான் கணக்கா?

நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் பெட்டியோடு காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குகிறார்கள், கம்ப்யூட்டர் படிக்க. நன்றாகப் படிக்கட்டும். அதே மாவட்டத்தில் லுங்கித் தறி ஓட்டியவரின் மகள் நான். ப்ளஸ் ஒன் சேரும்போது கம்ப்யூட்டர் குரூப் கேட்டேன். லேப் ஃபீஸ் தனி என்றார்கள். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பயாலஜி மேத்ஸ் குரூப்தான் பிடிக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அந்த மேத்ஸ் இருந்ததால்தான் இன்றைக்கு எம்சிஏவுக்குத் தகுதி, கம்ப்யூட்டர் படிக்காத குறைக்கு பிரிட்ஜ் கோர்ஸ் என்கிற அடிப்படைப் பாடம் எழுதித்தான் உள்ளே வந்தேன். வேலையை விட்டுவிட்டு ரெகுலராகப் படி என்கிறவர்கள், மாசாமாசம் எங்கள் வீட்டு வாடகையை யார் கட்டுவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பா காசில் நாலு வருஷம் ஹாஸ்டலில் இருந்து படித்தவர்களுக்கு இது தமாஷாகத்தான் தெரியும்.

மண்டபத்தில் என்னோடு சேர்ந்து சிரித்துவிட்டு, ராத்திரி இன்பாக்ஸில் ரகசியமாக "எப்படிச் சேர்றது, இன்னா ஃபீஸ்" என்று கேட்ட அக்காக்களுக்கு: ஏஜென்ட் யாரிடமும் போகாதீர்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு, அதே படிப்புக்கு, இந்த வருஷத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவான டெப் (DEB) தளத்தில் பாருங்கள். படித்த கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கான ஏபிசி ஐடி எடுத்து, அதை வைத்து டெப் ஐடியையும் நீங்களே எடுங்கள், 2024-லிருந்து அது கட்டாயம். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் இங்கே எல்லாரும் பார்க்கவே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு இன்று ராத்திரி டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்) அசைன்மென்ட் அனுப்ப வேண்டும், அதனால் பதில் போட நாளைக்குத்தான் வருவேன். அண்ணனை நான் டேக் பண்ணவில்லை. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுவீர்கள் என்று தெரியும்.